வட்டுக்கோட்டைக்கு வழியும் சங்கக்கடை விலையும்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதையைத் தமிழகத்தார் சொல்லி நகைப்பர். ஈழத்தில் நாம் அவ்வூரை வட்டுக்கோட்டை என்போம். ஆயினும், அவ்வூருக்குச் சென்று வந்த நமக்கு, விலையைச் சொன்னவர் அத்துணைப் பேதையல்லர் என்றே தோன்றுகின்றது. வழியை எவரும் காட்டுவர். நியாயமான விலையைச் சொல்வார்தாம் அரியர்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஸ் ஏறி, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்னும் ஊர்களைக் கடந்தால் வட்டுக்கோட்டையை அடையலாம். வழிநெடுகப் பனைகளும், வேலி அடைத்த வளவுகளும், இடையிடையே வயல்வெளிகளும் கண்ணுக்கு விருந்தாகும். 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவியதும், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியதும் இம்மண்ணிலேதான். கல்வியால் பெயர்பெற்ற இவ்வூரில், ஆசிரியத் தொழில் புரியும் நாம் கல்லூரி வாயிலில் நின்று வியந்ததில் புதுமையில்லை. ஆனால், வாசகர்களே, நம் சிந்தனையைக் கவர்ந்தது இப்பகுதிக் கிராமங்களுக்கெல்லாம் பொதுவான சங்கக்கடையே.

இலங்கைக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதி முன்னாளிற் கடல்கடந்தே வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது; பங்கீட்டுப் பொருள்களை ஊரூராய் விநியோகிக்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஐக்கிய நாணய சங்கங்களை அமைத்துப் பழகியிருந்த யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதன்று. அயலூரான மூளாயில் அவர்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்தினர். கூப்பன் அரிசி ஏழைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 1953 நாட்டுக்கு உணர்த்தியது. ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததும் ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

பிற்காலத்துப் போரில் சங்கக்கடையின் பெருமை மேலும் விளங்கியது. 1990இன் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் உட்படப் பல பொருள்கள் தடுக்கப்பட்டன. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. கப்பலில் வந்த அரிசி, மா, சீனி, பருப்பு ஆகியன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகவே குடும்ப அட்டைக்குப் பகிரப்பட்டன. வெளிச்சந்தையில் விலை எட்டாதபோதும், வரிசையின் முடிவில் ஒரு வீட்டுக்கு உரிய அளவு காத்திருந்தது.

இத்தகைய சலுகைக் கடையைப் பல தேசங்கள் தம் படைவீரரின் குடும்பங்களுக்கு உரிமையாகவே வழங்குகின்றன. இந்தியாவில் 1948இல் அமைந்த இராணுவக் கன்டீன் நிலையங்கள் வீரருக்கும், ஓய்வுபெற்றோருக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் குறைந்த விலையிற் பொருள் தருகின்றன. கணவன் எல்லையிற் காவல் நிற்க, ஊரிலே தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அது பணமிச்சம் மாத்திரமன்று, மனத்துக்குத் தெம்புமாகும். இதில் ஒரு வியப்பும் உண்டு. பிரித்தானியப் படையினரின் பண்டகசாலைக்கு முன்னோடியாயிருந்தது, 1894இல் படை அதிகாரிகள் சிலர் தொடங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கம். ஆதலின், பாசறைக் கன்டீனும் நம் சங்கக்கடையும் ஒரே கூட்டுறவுத் தத்துவத்தில் வேரூன்றியவை எனலாம்.

போருக்குச் செல்பவனின் அடுப்பு அணையலாகாது என்று அரசுகள் கருதுவது நியாயமே. போர் நடக்கும் மண்ணில் வாழ்பவனின் அடுப்பும் அணையலாகாதன்றோ? துப்பாக்கி ஏந்தாத அக்குடும்பங்களுக்குச் சங்கக்கடையே கன்டீனாய் நின்றது.

இன்று பட்டினத்திற் பெரிய அங்காடிகள் ஒளிவீசுகின்றன. அங்கே செல்வதைக் குறை கூறோம். ஆயினும், அங்கத்துவப் பணத்தைச் செலுத்தி, பொதுக்கூட்டத்துக்குச் சென்று கணக்குக் கேட்டு, மாதத்திற் சில சாமான்களையேனும் சங்கத்தில் வாங்குவது நம் கடன். நல்ல காலத்திற் பேணாத கடை, கெட்ட காலத்திற் கதவு திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? வட்டுக்கோட்டைக்கு வழி கேட்போருக்கு இனி நாமும் வழியோடு சங்கக்கடை விலையையும் சேர்த்தே சொல்வோம்.