அத்தோ என்றால் என்ன?

எங்கள் தெருவில் அவரைப் பர்மாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது. சென்னை வியாசர்பாடிக்கு நான் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களைக்கூட இன்னும் சாக்கிலிருந்து எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. "தம்பி, ஒலை வச்சிட்டியா? வைக்கலேன்னா ஒரு தட்டை எடுத்துட்டு இங்க வா."

அன்று அவர் தட்டில் வைத்தது அத்தோ. பாரிமுனையில் வேலை பார்த்த காலத்தில் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் தள்ளுவண்டிகளில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த ருசி வேறு, இது வேறு. நூடுல்ஸ் ஆரஞ்சு நிறத்தில் இல்லை. வெங்காயம் வறுத்த எண்ணெயின் வாசனை முதலில் வந்தது, புளியின் புளிப்பு பின்னால் வந்தது, நடுவில் கருகாமல் சிவந்த பூண்டு ஒவ்வொன்றாகப் பல்லில் பட்டது. அதன்பின் மூன்று வருடங்களாக ஞாயிறு மதியம் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

போன தை மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தபோது ஒரு கேள்வி தோன்றியது. அத்தோ என்றால் என்ன? அந்த வார்த்தைக்கு என்ன பொருள்? பர்மாம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். நானோ மறுநாள் மாலை நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

முதல் வண்டிக்காரர், "பர்மா நூடுல்ஸ் சார், அதான் அத்தோ" என்றார். அடுத்தவர் அது பர்மாவில் ஓர் ஊரின் பெயர் என்றார். மூன்றாவது வண்டியில் இருந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அவன் தாத்தா போட்ட வண்டி அது. "தாத்தா இருந்தா சொல்லியிருப்பாரு" என்றான். அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது.

அந்த வாரம் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்திருக்கிறார்கள். ரங்கூன் நகரத்து ஜனத்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலையில் நின்றவர்கள், டீக்கடை வைத்தவர்கள், வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் என்று அதில் தமிழர்கள் ஏராளம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் ரங்கூன் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் திரும்பி வந்தார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்க 1969-ல் போட்டுக் கொடுத்த கடைவரிசைதான் பர்மா பஜார்.

எல்லாம் இருந்தது, அத்தோவுக்குப் பொருள் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பர்மாம்மாவிடமே கேட்டேன்.

அவர் அப்போது பிசைந்துகொண்டிருந்தார். அகலமான எவர்சில்வர் பேசினில் வெந்த நூடுல்ஸ், நூல் நூலாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, இடித்த வரமிளகாய், கெட்டியான புளித்தண்ணீர். கரண்டியை அவர் தொடுவதே இல்லை. ஐந்து விரல்களையும் அடியில் விட்டுத் தூக்கித் தூக்கிப் போடுவார். ஓர் இழைகூட நசுங்காது.

"இதோ, இப்போ நான் செய்யுறேனே, இதுதான் அத்தோ" என்றார். "கையால பிசையுறது. பர்மாக்காரங்க வாயில அது அதௌக்னு வரும், கடைசி எழுத்து தொண்டையிலயே நின்னுடும். இஞ்சியைப் பிசைஞ்சா அதுவும் அத்தோதான். தக்காளி, ஊறவச்ச டீ இலை, எதைப் பிசைஞ்சாலும் அத்தோ. இதோட முழுப் பேரு கௌசுவே அத்தோ. கௌசுவேன்னா நூடுல்ஸ். இங்க வந்ததும் கௌசுவே போயிடுச்சு, அத்தோ மட்டும் நின்னுடுச்சு."

அன்று எழுந்திருக்க மனமில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேலே நொறுக்கிப் போடும் பேஜோ? "பே-ன்னா பருப்பு. ஜோ-ன்னா பொரிச்சது." மொகிங்கா? அங்கே அது மீன் குழம்பு. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவிட்டு அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். இங்கே அத்தோவோடு ஒரு டம்ளரில் கொடுக்கிறார்களே வாழைத்தண்டு சூப், அது மீனில்லாத மொகிங்கா. இந்த மாற்றம் தன் வீட்டில் நடந்ததைப் பதினைந்து வயதில் கண்ணால் பார்த்தவர் பர்மாம்மா. அப்பா கடற்கரையில் முதன்முதலாக வண்டி போட்டபோது வாடிக்கையாளர்கள் மீன் வாடை என்று முகம் சுளித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் மீனை நிறுத்திவிட்டார். வாழைத்தண்டு தப்பித்தது. மீனை அழுத்திப் புளிக்கவைத்த ஙப்பியை அம்மா தகர டப்பாவில் மூடி, கதவைச் சாத்திக்கொண்டுதான் திறப்பாராம்.

1965-ல் கப்பலேறியபோது அவருக்குப் பதினான்கு வயது. ரங்கூனில் அப்பாவின் டீக்கடை போன மறுவருடம். காசுக்கும் நகைக்கும் கெடுபிடி இருந்ததால், துணிமூட்டைக்குள் ஒரு மண் உரலை வைத்து அம்மா கொண்டுவந்திருக்கிறார். மிளகாய் இடிக்க இன்றும் அதே உரல்தான். விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உடைந்திருக்கிறது. அப்பா இறந்தபின் அந்த வண்டியைத் தனியாளாக முப்பது வருடம் தள்ளி, தங்கைகள் மூவருக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு தங்கை வந்திருந்தபோது சொல்லி அழுதார்.

பர்மாம்மாவின் பெரியப்பா குடும்பத்துக்கு மெட்ராஸ் ஒட்டவில்லை. பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பியவர்கள் எல்லையோர ஊரான மோரேயிலேயே தங்கினார்கள். அங்காள பரமேஸ்வரிக்கு அங்கே அவர்கள் கட்டிய கோயில் இன்று பெரிய கோயில். "அங்க மொகிங்காவுல இன்னும் மீன் போடுறாங்களாம்" என்று பர்மாம்மா சொன்னபோது அவர் குரலில் இருந்த ஏக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நான் கெளுத்தி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் அடுப்படியை விட்டு நகராமல் சமைத்தார். தெருவில் ஏழு வீடுகளுக்குக் கிண்ணம் போனது. ஒரு கிண்ணமும் மிச்சத்தோடு திரும்பவில்லை.

கடற்கரையில் மூன்றாவது வண்டிப் பையனிடம் அத்தோவுக்குப் பொருள் சொல்லிவிட்டு வந்தேன். தாத்தா சொல்லாமல் போன இன்னும் எத்தனையோ அவனுக்கு வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்ற பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறது. அங்கே பர்மாவில் சமைத்துச் சாப்பிட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிறே போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.