சடுகுடுவும் சாப்பாட்டு டப்பாவும்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் டிபன் டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. மிச்சம் வைத்தால் திட்டுவதற்காகத்தான் திறப்பேன். ஆனால் போன வருஷம் ஆடி மாசத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது மிச்சச் சோறு அல்ல. கழுவித் துடைத்த டப்பா!

சாப்பிட்ட தட்டை எடுத்துத் தொட்டியில் போடக்கூட ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்ல வேண்டும் என் பெண்ணுக்கு. அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறாள் என்றால்? இரண்டு நாள் பேசாமல் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் சிநேகிதியின் அம்மா, எங்கள் கடைக்குப் பனியன் எடுக்க வந்தவர், "ஏனுங்கக்கா, உங்க பாப்பா கொடுத்த தக்காளிச் சாதம் ரொம்ப நல்லாயிருந்துச்சாமுங்க, எங்க பிள்ளை தினமும் சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்குக் காதர்பேட்டையில் சின்னக் கடை. ஏற்றுமதியில் மிஞ்சிய லாட்டு, செகண்ட்ஸ் பனியன், டி-ஷர்ட்டு வியாபாரம். ஸ்டேஷனில் இறங்கி நேராக வரும் வெளியூர் வியாபாரிகளுக்குக் கட்டு கட்டாகப் போகும். வீட்டில் நான், இவர், என் மாமியார், எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிற என் பெண். அவள் பள்ளிக் கபடி டீமில் இருக்கிறாள்.

அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் "பசிக்கலைம்மா" என்றாள். அப்புறம் அழுகை. அப்புறம்தான் விஷயம் வந்தது. மாவட்டத் தேர்வு வருகிறதாம். சப்-ஜூனியர் பிரிவில் விளையாட எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாதாம். இவள் 57. இரண்டு கிலோ குறைக்க மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ராத்திரி இரண்டு தோசையில் ஒன்றை நாய்க்குப் போட்டிருக்கிறாள். எடை பார்க்கிற அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம் என்று பெரிய பிள்ளைகள் யாரோ வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"வேலையத்த வெட்டி ரூலு! நாங்க சடுகுடு ஆடுறப்ப எவன் தராசு தூக்கிட்டு வந்தான்?" என்றார் என் மாமியார். அவர் ஆடினாரோ இல்லையோ, அவருடைய அண்ணன் ஊரில் பேர்பெற்ற ஆட்டக்காரர். ஒரு பொங்கலன்று விலா எலும்பு முறிந்து மூன்று மாசம் கட்டிலில் கிடந்தவரும் அவரேதான். அதை மட்டும் அத்தை சொல்ல மாட்டார்.

எனக்கு அந்த 55 கிலோ மனசிலேயே நின்றுவிட்டது. நானும் பள்ளி நாளில் ஆடியவள்தான். 1990ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடிக்கு முதல் முறையாக மெடல் கொடுத்தார்கள், நம் ஆண்கள் தங்கம் வாங்கினார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளையும் ஆடவிட்டார்கள். பெண்களுக்குத் தேசியப் போட்டி 1955லேயே கல்கத்தாவில் நடந்துவிட்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பதாவது படிக்கையில் பாடிப் போன என்னை எதிர் டீம் பெண் பின்னலைப் பிடித்து இழுத்தாள். மல்லாக்க விழுந்தேன், தோள் இறங்கிவிட்டது. அதோடு என் ஆட்டம் முடிந்தது. அப்பா மறுபடி மைதானத்துப் பக்கமே விடவில்லை.

இப்போது விதியைத் தேடிப் படிக்கும்போதுதான் தெரிகிறது, பாடி வருகிறவரைக் கை கால், உடம்பு தவிர வேறெங்கும் வேண்டுமென்றே பிடிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்! வாயைப் பொத்தக் கூடாது, காலைக் கத்தரிக்கோல் மாதிரி போட்டு இறுக்கக் கூடாது, உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வரக் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அன்று நடுவராக நின்றவருக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. யாராவது அன்றைக்கே என் அப்பாவிடம் "அது தப்பாட்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... போகட்டும்.

எங்கள் சடுகுடுவுக்கு எழுத்தில் விதி என்று வந்து நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் ஊருக்கு ஒரு விதி. மகாராஷ்டிரப் பக்கம் மூன்று வகை இருந்திருக்கிறது. ஒன்றில், அவுட்டானவர் தன் டீம் எதிராளியை அவுட்டாக்கினால் மறுபடி உயிர் பெற்று உள்ளே வரலாம். இதற்குச் சஞ்சீவனி என்று அழகான பேர். இன்னொன்று காமினி, அதில் அவுட்டானவர் மொத்த டீமும் அவுட்டாகும்வரை வெளியேதான். மூன்றாவது அமர், தொட்டாலும் யாரும் வெளியே போக வேண்டாம், பாயிண்ட்டு மட்டும் கணக்கு. 1923ல் பரோடாவில் ஹிந்த் விஜய் ஜிம்கானா ஒரு விதிப் புத்தகம் போட்டது. 1950ல் அகில இந்திய அளவில் சம்மேளனம் வந்தது. நாம் இன்று டி.வி.யில் பார்ப்பது சஞ்சீவனி வழிவந்த ஆட்டம். ஆளுக்கு ஏழு பேர். மொத்தப் பேரையும் அவுட்டாக்கினால் கூடுதலாக இரண்டு பாயிண்ட்டு. ஆண்களுக்கு மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. ஆண்களுக்குப் பாதிக்கு 20 நிமிஷம் என்றால் பெண்களுக்கு 15 என்றுதான் ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். நாம் அடுப்படியில் நிற்கிற நேரத்தைக் கணக்கு எடுத்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டார்கள்!

2014ல் புரோ கபடி லீக் வந்த பிறகு ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது. எங்கள் காலத்தில் மூச்சுதான் எல்லாம். மூச்சு இருக்கிறவரை பாடலாம். இப்போது ஒரு தடவைக்கு 30 விநாடிதான். இரண்டு முறை தொடர்ந்து வெறுங்கையாகத் திரும்பினால் மூன்றாவது முறை பாயிண்ட்டோடுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சிய டீம் எதிராளியைப் பிடித்துவிட்டால் ஒரு பாயிண்ட்டு கூடுதல். என் பெண்ணுக்கு இதுதான் பிடிக்கும். "தோத்துக்கிட்டிருக்கிறவங்களுக்கும் ஒரு வழி வச்சிருக்காங்கம்மா" என்பாள்.

விதி மாறும்போது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் 7ஆம் தேதி பார்த்தோம். சீனாவில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு. ஆண்கள் இறுதி ஆட்டம், நமக்கும் ஈரானுக்கும். 28க்கு 28. ஓரிரு நிமிஷம்தான் பாக்கி. நம் பவன் செராவத் யாரையும் தொடாமல் ஓரத்து லாபியில் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்தி வந்த ஈரான்காரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி பின்னால் போனவர்களும் அவுட்; புது விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட். எந்த விதி என்பதில் தகராறு! நடுவர் ஒன்று சொல்ல, அப்புறம் மாற்ற, இரண்டு டீமும் தரையில் உட்கார்ந்துகொள்ள, ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. கடைசியில் 33க்கு 29 என்று நாம் ஜெயித்தோம். அதே நாள் நம் பெண்கள் சீன தைபேயை 26க்கு 25 என்று ஒரே பாயிண்ட்டில் ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். அந்த ஆட்டத்தில் தகராறு இல்லாததால் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை! என் பெண் கபடிப் பைத்தியமானது அன்றைக்குத்தான்.

இவருக்கு இதெல்லாம் புதுசல்ல. கடைக்கு வரும் லாட்டில் பெரிய நம்பர் போட்டு, முட்டை மாதிரி பந்துப் படம் போட்ட டி-ஷர்ட்டு நிறைய வரும். அமெரிக்கக் கால்பந்தாம், பேர்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையில். அது என்ன ஆட்டம் என்று இவர் ஒரு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார். "கேளு, அங்கேயும் இதே கதைதான்" என்று சொன்னார். முன்காலத்தில் அங்கே ஆட்கள் ஒருவரோடொருவர் கைகோத்து ஆப்பு மாதிரி எதிராளி மேல் மோதுவார்களாம். 1905ல் ஒரே பருவத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் பந்தை முன்னால் வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். கும்பலாக முட்டிக்கொள்வது மெல்ல மெல்லக் குறைந்தது. தலைக்கவசம் கட்டாயம் என்று அங்குள்ள பெரிய லீக் சொன்னது 1943ல்தான்.

"அப்ப பிள்ளைங்க சாகாம இருக்கத்தான் விதியை மாத்தினாங்க. இந்த 55 கிலோவும் அதுக்குத்தான் வச்சிருப்பாங்க" என்றார் இவர்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நாற்பது கிலோப் பிள்ளை மேல் எழுபது கிலோப் பிள்ளை விழுந்தால் என்ன ஆகும்? பதினாறு வயசு வரை 55 கிலோ, அதற்கு மேல் ஜூனியர் பெண்களுக்கு 65, பெரிய பெண்களுக்கு 75 என்று வைத்திருப்பது சின்ன உடம்பைக் காப்பாற்றத்தான். ஆனால் காப்பாற்ற வந்த விதியே என் வீட்டில் பட்டினி போடுகிறதே! வயசுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. உயரம் ஏறுகிற வயசு. எலும்பு கெட்டிப்படுகிற வயசு. இந்த வயசில் எடை ஏறாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே. இந்த வயசுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். "என் பெண்ணுக்கா? வீட்டில் என்ன குறை?" என்று எனக்கு ரோஷம் வந்தது. டாக்டரம்மா சிரித்தார். 2019-21ல் அரசாங்கம் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறதாம். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைவிட முக்கியமாக, சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். எங்கள் கடையில் டீ நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பிள்ளையும் கடைக்கு வந்தால் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பாள். நானேதான் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். வேகமாக ஓடித் திடீரென்று நின்று திரும்புகிற ஆட்டங்களில் முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகமாம். மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளை ஷூ போட்டு மேட்டில் ஆடும்போது கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். அதனால் ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் ஓட்டம், குந்தி எழுவது, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, இதையெல்லாம் பழக வேண்டும். வெறும் வயிற்றோடு எந்த முட்டி நிற்கும்?

நேரே பள்ளிக்குப் போனேன். விளையாட்டு ஆசிரியையிடம், "டீச்சர், என் பெண் இந்த வருஷம் 55க்கு வரமாட்டாள். பெரிய பிள்ளைகளோடு ஜூனியரில் பழகட்டும். டீமில் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்லா பாடுற பொண்ணுங்க. இந்த வருஷம் போயிருந்தா செலக்ட் ஆகியிருக்கும்" என்றார். அது எனக்கும் தெரியும். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறுமுன் கண் கலங்கிவிட்டது. என் அப்பா அன்று என்னை நிறுத்தியதும், நான் இன்று செய்வதும் ஒன்றுதானோ என்று ஒரு சந்தேகம்.

பெண் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவள் அப்பத்தாதான் வழிக்குக் கொண்டுவந்தார். எள்ளுருண்டை பிடித்துக் கையில் கொடுத்து, "ஏஞ்சாமி, உங்க பெரிய அப்பாரு மூணு பேரைத் தோள்ல இழுத்துக்கிட்டுக் கோட்டைத் தொடுவாரு. அவரு என்ன பட்டினி கெடந்தா தொட்டாரு?" என்றார். விலா எலும்புக் கதையையும் முதல் முறையாக அன்று சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை, காலையில் கம்பங்கூழ், ஞாயிற்றுக்கிழமை ஈரல். மத்தியான டப்பாவில் கீரை இருந்தால் ஒரு நெல்லிக்காய்த் துண்டும் வைக்கிறேன். புளிப்பு இருந்தால்தான் கீரையின் சத்து உடம்பில் ஒட்டுமாம். மூன்று மாசத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றரைக்கு வந்தது. எடை 59. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் இளையோர் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டிப் பீரோவில் ஒட்டியிருக்கிறாள்.

போன மாசம் ஜூனியர் டீமில் பதினோராவது ஆளாக, வெளியே உட்காரும் ஆட்டக்காரியாக எடுத்திருக்கிறார்கள். டீமுக்கு ஜெர்சி இவர்தான் நம் லாட்டிலிருந்து துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் ராத்திரி நகத்தை நானே ஒட்ட வெட்டிவிட்டேன். பின்னலைச் சுருட்டிக் கட்டி, வலை போட்டு, நாலு பக்கமும் கிளிப் குத்தினேன். "ரொம்ப இறுக்கமா இருக்கும்மா" என்றாள்.

"இருக்கட்டும் கண்ணு" என்று இன்னொரு கிளிப்பையும் குத்தினேன்.