அடுப்பங்கரையில் ஒரு செருப்பு

சென்ற ஐப்பசி அடைமழையில் நனைந்துபோன நமது செருப்புகளை உலர்த்துவதற்காக வெந்நீர் அடுப்பின் விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம். காலையில் பார்த்தால் அவை நம்முடையவையாகவே தோன்றவில்லை. ஓரமெல்லாம் சுருண்டு, பொரித்த அப்பளம் போல் விறைத்து, நம் வீட்டுப் பத்து வயதுப் பெண்ணின் காலுக்கு அளவெடுத்துத் தைத்தவை போல் சிறுத்துக் கிடந்தன. "அடுப்படியில் செருப்பை வைத்தவருக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்" என்று வீட்டில் தீர்ப்பும் கூறிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். அவ்வூரில் தோல் பதனிடும் சாலையொன்றில் மேஸ்திரியாக இருக்கும் பெரியவர் நமக்குப் பழக்கமானவர். செருப்புகளில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம்.

நாம் போன சமயம் பெரிய மரப் பீப்பாய்கள் உருண்டுகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்து, குரோமிய உப்பில் ஊறி நீலம் பாரித்த தோலொன்றை மேஸ்திரி உருவி எடுத்தார். அதில் சிறு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துப் பென்ஸிலால் சுற்றி வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து எடுத்துப் பழைய கோட்டின் மேல் வைத்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"தேறிவிட்டது, ஐயா. சுருங்கியிருந்தால் பீப்பாயை மறுபடியும் ஓட்டவேண்டும்" என்றார். பிறகு நமது செருப்பை முகர்ந்து பார்த்து, "இது கடுக்காய் போட்ட தோல். ஈரத்தோடு நெருப்பண்டை வைக்கலாமா?" என்று கேட்டார்.

பதனிடாத ஈரத்தோல் 60, 65 டிகிரி உஷ்ணத்திலேயே சுருண்டுவிடுமாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்த எல்லையை 75, 85 வரை உயர்த்தும். குரோமியமோ நூறையும் தாண்ட வைக்கும். காரணம் என்னவென்று கேட்டோம். "அதைப் பேரனிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அடுத்த பீப்பாய்க்குப் போய்விட்டார். பேரன் வேலூரில் ரஸாயன ஆராய்ச்சி செய்கிறவர்.

மறுநாள் வேலூரில் அந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். தோல் என்பது பெரும்பாலும் கொல்லாஜன் என்னும் புரதம். சிறு அணுக்கூட்டங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. இத்தகைய சங்கிலிகளுக்கே பாலிமர் என்று பெயர். கண்ணிகளைச் சேர்க்கும் பிணைப்பை அமைடு என்பார்கள். மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன. இந்த முப்புரி அமைப்பை 1954, 1955-ஆம் வருஷங்களில் எக்ஸ்-ரே கொண்டு கண்டுசொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் உழைத்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமே. சென்னையில் 1948-ல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அவர்களுக்கு அண்டை வீடுதான். உஷ்ணம் ஏறினால் புரி அவிழ்ந்து சங்கிலி சுருண்டுகொள்ளும். குரோமியம் புரிகளுக்கிடையே பாலம் கட்டி, முறுக்கை அவிழ விடாமல் பிடித்துக்கொள்கிறது.

"ஆனால் தாத்தாவின் கொதிநீர், தேறியதா தவறியதா என்று மட்டுமே சொல்லும், ஸார். உள்ளே எது எதனோடு பிணைந்தது என்று சொல்லாது" என்றார்.

அது வீண் ஆராய்ச்சியன்று. பழைய முறையில் பீப்பாயிலிடும் குரோமியத்தில் பத்தில் மூன்று நான்கு பங்கு தோலில் பற்றாமல் நீரோடு போய்விடும். பாலாற்றங்கரைக் கிணறுகள் பட்ட பாடு 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வரையில் சென்றதை இப்பக்கத்தார் மறக்கவில்லை. பிணைப்பை அறிந்தால்தான் குறைந்த உப்பில் காரியத்தை முடிக்க வழி பிறக்கும்.

பிணைப்பை அறிய உதவுவன அகச்சிவப்புக் கிரணங்கள். 1800-ல் ஹெர்ஷல் என்பவர் முப்பட்டைக் கண்ணாடியால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். பாதரஸம் ஏறிற்று. அக்கிரணங்கள்தாம் இவை. அணுக்களின் பிணைப்பு ஒவ்வொன்றும் வீணைத் தந்தி போலத் தனக்குரிய சுருதியில் அதிர்கிறது. அதே சுருதியுள்ள கிரணம் வந்தால் அதை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய இடங்கள் யந்திரம் வரையும் கோட்டில் பள்ளங்களாக விழும். 1928-ல் நமது ராமன் கண்ட விளைவும் இவ்வதிர்வுகளை வேறு வழியில் காட்டுவதே. ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்பதே கணக்கு. அமைடின் பள்ளம் 1650-க்கு அருகில் விழும்.

குரோமியப் பாலத்தை இந்த யந்திரம் அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லையாம். அது அமைடைத் தொடாமல் பக்கக் கிளைகளைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு வேறு கருவிகளின் துணையும் வேண்டும். இளைஞர் இதை ஒளிக்காமல் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது.

அவருடைய சொந்த ஆராய்ச்சி பாலி-இமைடு என்னும் பாலிமரைப் பற்றியது. சந்திரயான் படங்களில் பொன்போர்வை போல மின்னுகிறதே, அந்தத் தாள்தான். பின்புறம் அலுமினியம் பூசியிருக்கும். 1960-களில் 'காப்டன்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 400 டிகிரி வரை தாங்கும். விந்தை என்னவென்றால், இதுவும் முதலில் தோலைப் போல அமைடுப் பிணைப்புள்ள சங்கிலிதான். தோலைக் கெடுக்கும் உஷ்ணமே இதை ஆக்குகிறது! பச்சை மண்பாண்டத்தைச் சூளையில் வைப்பது போலப் படிப்படியாக 300 டிகிரி வரை சூடேற்றினால், நீர் பிரிந்து போய், சங்கிலியில் வளையங்கள் மூடிக்கொள்கின்றன.

அது நடப்பதை யந்திரத்தில் பார்த்தோம். சூடு ஏற ஏற 1650-ன் பள்ளம் தூர்ந்துபோயிற்று. 1780-லும் 1380-லும் புதிய பள்ளங்கள் விழுந்தன. தாளின் கனம் இடத்துக்கிடம் மாறுமே, அளவை எப்படி நம்புவது என்று கேட்டோம். 1500-ல் உள்ள பென்ஸீன் வளையத்தின் பள்ளம் சூட்டினால் மாறுவதில்லை. அதையே முழக்கோலாக வைத்து 1380-ஐ அளக்கிறார்கள். பாதி வெந்த தாளும் முழுக்க வெந்த தாளும் கண்ணுக்கு மஞ்சளாகவே இருக்கலாம். பாதி வெந்தது ஈரம் வாங்கி நாளடைவில் முறியும். வானத்தில் போன பிறகு யார் போய் மாற்றுவது?

கடைசியில் நமது செருப்புக்கும் யோகம் வந்தது. உட்பக்கம் சிறிது சுரண்டி, எண்ணெய்ப் பசையும் அருகிலேயே பள்ளம் காட்டிக் குழப்பும் என்பதால் அதை முதலில் கழுவி நீக்கி, யந்திரத்தில் வைத்தார். அமைடு இருந்தது. 1720-க்கு அருகில் ஒரு சிறு பள்ளம், 870-க்கு அருகில் மற்றொன்று. "கடுக்காய்தான், ஸார், வெறும் ஆவாரம்பட்டை இப்படிக் காட்டாது" என்றார்.

மாலையில் அவரோடு ஆம்பூருக்குத் திரும்பி மேஸ்திரியிடம் செய்தியைச் சொன்னோம். "முகர்ந்தபோதே சொன்னேனே, ஐயா! இதற்கா யந்திரம்?" என்று சிரித்தார்.

பேரன் பையிலிருந்து இரண்டு மஞ்சள் தாள்களைத் தனித்தனி உறைகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரியவர் இரண்டையும் முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், விரலிடையே தேய்த்தும் பார்த்தார். "எது வெந்தது, கண்ணு?" என்று கேட்டார்.

பேரன் உறைகளின் மேல் பென்ஸிலால் எழுதியிருந்த எண்களைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.