கல்லறைக் கல்லில் தமிழர் பெயர்

விடியற்காலையில் துவாஸ் நோக்கி விரையும் வாகனங்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் அமர்ந்திருப்பர். முன்னாளில் மீனவர் வாழ்ந்த அக்கடற்கரை இந்நாளில் கப்பல் பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டை. அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு ‘அபாயம்’ என்று தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். அச்சொல் அங்கே அலங்காரமன்று, உயிர்க்காவல். உயிரைக் காக்கும் அறிவு அவரவர் தாய்மொழியிலேயே அவரவரை வந்தடைதல் வேண்டும் என்பதற்கு அப்பலகையே போதிய சான்று.

இவ்வுண்மையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்து, அதற்கெனவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஓர் அமெரிக்கர். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தமையன் ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க் பெருநகரை ஒன்றிணைத்து உருவாக்கிய பெருமைக்குரியவர். தமையன் நகரம் சமைக்க, தம்பியோ நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, இறைப்பற்று உந்த, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கி, மாணாக்கருக்கு மருத்துவம் கற்பிக்கவும் முற்பட்டார்.

கிறீன் தம் சமயத்தைப் பரப்பவே வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் பிறந்த அதே 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், அதே யாழ்ப்பாணத்தில் சைவம் காக்கப் பாடுபட்டுக் கொண்டிருந்தார். சமயத்தால் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் ஒன்றில் ஒத்திருந்தனர். மக்களின் உள்ளத்தைத் தொட வேண்டுமாயின் அவர்தம் மொழியிலேயே பேச வேண்டும் என்பதே அது. நாவலரின் உரைநடையைப் போற்றும் நாம், கிறீனின் மருத்துவத் தமிழையும் அறிந்திருத்தல் முறையன்றோ?

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். மாணாக்கர் சிலர் இதனை விரும்பினாரல்லர். ஆங்கிலம் கற்றோர்க்கே அரசாங்கப் பதவி கிட்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். கிறீனோ, மருத்துவர் தம் சிற்றூர் மக்களிடையே தங்கிப் பணிபுரிதல் வேண்டும் எனக் கருதினார். தமிழில் பயின்றவரே ஊரை விட்டு அகலாமல் ஊருக்கு உதவுவர் என்பது அவர் துணிபு. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார்.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! அவற்றையும் தமிழர் துணையோடு அவரே ஆக்கினார். பிள்ளைப்பேற்று மருத்துவம் பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867-இலும், வேதியியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. அக்கால வழக்கிற்கேற்ப வடசொற்கள் மிகுந்த நடை அது. ‘அங்காதிபாதம்’ என்று அவர்கள் எழுதியதை நாம் உடற்கூற்றியல் என்போம். சொற்கள் மாறலாம், ஆயின், நவீன மருத்துவத்தைத் தமிழில் கூற இயலும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் மறைந்த அவர் அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறையில் பொறிக்க வேண்டிய வாசகத்தை அவரே குறித்து வைத்திருந்தார். பட்டங்களையோ குலப்பெருமையையோ அவர் நாடவில்லை. ‘தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளர்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரையே வேண்டினார். அவ்வூரின் மண்ணில், தமிழர் பெயர் தாங்கிய கல் ஒன்று அவ்வாறு நிலைபெற்றது.

அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. நூல்கள் இருந்தன, பயில்வோர் குறைந்தனர். சிங்கப்பூர்த் தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு புதியதன்று. இங்கும் பெற்றோர் பிழைப்புக்குரிய மொழியைத் தேடினர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. பயில்வோர் குறையவே, உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று அப்பெயர் தமிழ்மொழி நிலையம் ஒன்றன் வழியே நின்று நிலவுகிறது.

எனின், கிறீனின் உழைப்பு வீணாயிற்றோ? அன்று. அவர் பயிற்றிய மருத்துவரால் நலம்பெற்ற தாயரும் சேயரும் எத்தனையோ பேர்! கவிஞர் அம்பி 1967-இல் எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ அவர் புகழை மீண்டும் தமிழர்க்கு நினைவூட்டியது. அயலார் ஒருவர் தம் கல்லறையில் நம் பெயரை விரும்பிப் பொறித்துக் கொண்டார். அப்பெயர்க்குரிய நாம், நம் மாணாக்கர் அறிய விரும்பும் ஒன்றையேனும் நாள்தோறும் தமிழில் விளங்க உரைப்போமாயின், அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.