தண்ணீர் போகும் வழி

எங்கள் பிக்கப்பில் புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷட்டர் மூடியிருக்கா?" என்றுதான். மூடித்தான் இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் சனல் இறப்பர் காய்ந்து வெடித்திருந்தது. கதவைச் சுற்றிய இறப்பரும் கையால் தொட்டால் பொடியாக உதிரும்.

1980களின் ரொயோட்டா ஹைலக்ஸ் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வாப்பா நீராவிப்பிட்டியில் தன் லொறியை விட்டுவிட்டுப் புத்தளம் போனவர். பல வருடங்களுக்குப் பிறகு அங்கே வாங்கியது இந்த பிக்கப். 2009இல் யுத்தம் முடிந்து, நாங்கள் ஊர் திரும்பியதும் இதில்தான்.

உம்மாவுக்கு இழுப்பு. மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, கிரவல் ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நோய் கூடியது.

நானே திருத்துவதென்று முடிவெடுத்தேன். 1876இல் ஹெனரத்கொடவுக்கு வந்த கன்றுகளோடு இறப்பர் நாடாகிவிட்டது நமது நாடு. ஆனால் இயற்கை இறப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடித்துவிடும். வாகனக் கதவுக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பர்தான் நின்றுபிடிக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கினேன். பழைய பசையைச் சுரண்டினேன். புதியதை இழுத்து இழுத்து ஒட்டினேன். கதவின் அடியில் சில சிறு துளைகள் தெரிந்தன. புழுதி இதனால்தான் வருகிறதென்று எண்ணி, அவற்றையும் சிலிக்கன் வைத்து அடைத்தேன். உம்மா, "இப்பதான் காரில போற மாதிரி இருக்கு" என்றார்.

கார்த்திகை மழை தொடங்கியது. வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் சளக் சளக்கென்று சத்தம். முள்ளியவளையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணை குனிந்து பார்த்தார். ஸ்குரூ டிரைவரால் சிலிக்கனைக் குத்தினார். செங்காவித் தண்ணீர் கொட்டியது. உள்தகட்டில் கறல் பிடித்திருந்தது.

"தம்பி, மழைத்தண்ணி கண்ணாடிக் கரையால கதவுக்குள்ள போகத்தான் செய்யும். அதை முழுசா மறிக்கேலாது. போன தண்ணி வெளியால வர வழி விட வேணும்."

இறப்பர் ஒட்டியதிலும் பிழை காட்டினார். மூலைகளில் இழுத்து ஒட்டினால் அது சுருங்கி இடைவெளி விடும். அங்கே கொஞ்சம் தளர்த்தி உள்ளே தள்ள வேண்டும். பிறகு ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுக்கச் சொன்னார். இறுக்கமாக வந்தால் சரி. மேல் மூலையில் கடதாசி வழுக்கிக்கொண்டு வந்தது.

அவர் அந்த மூலையைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்க, வாப்பா வேப்பமர நிழலில் பேசாமல் இருந்தார்.

"நானா, முந்தி உங்களிட்ட என்ன வாகனம் நிண்டது?" என்று அண்ணை கேட்டார்.

வீட்டில் இருபது வருடங்களுக்கு மேல் அந்த லொறியைப் பற்றி ஒரு சொல் பேசாதவர் வாப்பா. அன்று அதன் நிறத்தைச் சொன்னார். இலக்கத்தைச் சொன்னார். இடப்பக்கக் கதவைத் தூக்கி அடித்தால்தான் பூட்டும் என்றார். கடைசியாகச் சாவியை அதிலேயே விட்டுவந்ததையும் சொன்னார். அண்ணை, 2009இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த தன் ஆயுதப் பெட்டியிலிருந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். ஒருவரையொருவர் தேற்றவில்லை. யார் அதிகம் இழந்தது என்ற கணக்கும் வரவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தார்கள்.

திரும்பும்போது மழை. கதவுக்குள் சத்தம் இல்லை. வாப்பா மட்டும் பேசிக்கொண்டே வந்தார்.

உம்மாவின் இழுப்பு முற்றாக மாறவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசல்வரை முகத்தை மூடாமல் வருகிறார். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் ஓர் ஈர்க்கை எடுத்து, அந்தத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்கிறேன்.