திங்கட்கிழமை ஒலிப்பதிவு

டல்லஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பள்ளி. அதன் வாகன நிறுத்துமிடத்தில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் கோடுகளை அளவு பிசகாமல் வெள்ளை பெயிண்டால் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் என்பதால் காலை எட்டு மணிக்கே தார் சுடுகிறது. அகலத் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக பள்ளியின் மார்ச்சிங் பேண்டை, அதாவது நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழுவைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கோடுகளுக்கிடையே நிற்கிறார்கள். ஓரத்தில் வரிசையாகத் தண்ணீர்க் குடுவைகள். யார் கையிலும் வாத்தியம் இல்லை. முதல் பாடம் நடைதான்.

எட்டுக் காலடியில் ஐந்து கெஜம் கடக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு காலடிக்கு 22.5 அங்குலம், ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். ஆறடிப் பையனுக்கும் ஐந்தடியை எட்டாத பெண்ணுக்கும் அதே காலடிதான். குதிகால் முதலில் படிய வேண்டும், பிறகு பாதம் உருண்டு விரல் நுனி வரை போக வேண்டும். பின்பக்கமாக நடக்கும்போது குதிகால் தரையில் படவே கூடாது. இடுப்புக்கு மேலே எந்தக் குலுக்கலும் இருக்கக் கூடாது. குலுங்கினால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் சுரம் நடுங்கும். ஒலிபெருக்கியில் மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருக்கிறது.

என் தங்கை மகள் இந்தக் குழுவில் மெலஃபோன் வாசிக்கிறாள். பிரெஞ்ச் ஹார்னுக்குப் பதிலாக, மைதானத்தில் ஒலி நேரே முன்னால் பாயும்படி செய்யப்பட்ட பித்தளை வாத்தியம் அது. இடைவேளையில் ஓடி வந்து, "பெரியம்மா, அந்தப் பக்கம் நிழல்ல உக்காருங்க. மத்தியானம் வரைக்கும் இதேதான்" என்றாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய சின்ன நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவள் நிற்க வேண்டிய இடம் எழுதியிருந்தது: 45 கெஜக் கோட்டுக்கு இரண்டு காலடி வெளியே, முன் ஹேஷ் கோட்டுக்கு (மைதானத்தில் நீளவாக்கில் போகும் குறி) நான்கு காலடி முன்னே, பதினாறு எண்ணிக்கையில் அடுத்த இடம். அந்த இடத்துக்கு டாட் என்று பெயர். எட்டு நிமிடக் காட்சி ஒன்றில் இப்படிப் பல பத்து டாட்கள். யாருடைய டாட்டும் இன்னொருவருடையதல்ல. ஒருத்தி அரைக் காலடி தவறினால் வளைவு உடைந்துபோகும். மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

நடையைக் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். காதின் வேலை அதைவிடக் கடினம். மைதானத்தின் முன்பின் அகலம் 160 அடி, அதாவது சுமார் 49 மீட்டர். பின்கோட்டில் அடித்த முரசொலி முன்கோட்டை எட்ட ஏழில் ஒரு பங்கு நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு நொடிதான். அப்படியானால் பின்னால் அடித்தது முன்னால் வருவதற்குள் கிட்டத்தட்ட அரைத் தட்டு போய்விடுகிறது. ஆகவே எல்லோரும் முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையை மட்டும் பார்த்து வாசித்தால் கூட்டத்தில் இருப்பவர் காதில் குழப்பமே விழும். மைதானத்தின் முன்விளிம்பில் மரிம்பா, வைப்ரஃபோன் வைத்து நிற்கும் பிள்ளைகள் கையைப் பார்க்காமல், பின்னாலிருந்து வரும் முரசைக் கேட்டு அதன்மேல் வாசிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தாளத்தை நம்பாமல், முதுகுக்குப் பின்னால் இருந்து தாமதித்து வரும் தாளத்தை நம்பப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! இந்தக் கலையை விளையாட்டு இடைவேளையில் போடும் வேடிக்கை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பயிற்சியையாவது நின்று பார்க்க வேண்டும்.

போட்டிகளில் இதற்கெல்லாம் மதிப்பெண் போடுபவர்கள் யார், எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் போனேன். நடுவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் பேண்ட் ஆசிரியர்களாக இருந்தவர்கள். தங்கையின் நண்பர் ஒருவர் மூலம் அப்படி ஓய்வு பெற்ற நடுவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் முதலில் சொன்னது பழைய முறையைப் பற்றி. பித்தளை வாத்தியங்களும் முரசுகளும் கொண்ட டிரம் கோர் குழுக்களின் போட்டிகளில் ஒரு காலத்தில் 'டிக்' முறை இருந்தது. நடுவர் கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பிழை கண்ட இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். இம்முறையில் பிழை செய்யாதவர் வெல்வார் என்பதால், பிழை வர வாய்ப்பில்லாத எளிய காட்சி அமைப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது. அந்தப் போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் 1984 முதல் அதைக் கைவிட்டது. குறைத்துக்கொண்டே போவதற்குப் பதில், எதைச் செய்ய முனைந்தார்கள், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று கட்டியெழுப்பிக் கணக்கிடத் தொடங்கினார்கள். பள்ளி பேண்டுகளின் போட்டியும் அந்த வழியிலேயே வளர்ந்தது. இன்று பிள்ளைகள் ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் வாசிக்கிறார்கள் என்றால் அதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

டெக்சஸ் பள்ளிகள் இரண்டு விதமான நடுவர் குழுக்களுக்கு முன்னால் நிற்கின்றன. ஒன்று, டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், சுருக்கமாக யு.ஐ.எல். மற்றது நாடு தழுவிய பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா. யு.ஐ.எல். மாநிலப் போட்டியில் ஐந்து நடுவர்களில் மூவர் இசைக்கு, இருவர் காட்சிக்கு. அங்கே மதிப்பெண்ணை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் யாரை எத்தனையாவதாக வைத்தார் என்ற தரவரிசையைத்தான் கூட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தோ அடியோடு குறைத்தோ முடிவைப் புரட்டிவிட முடியாது. பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்காவில் நூறு மதிப்பெண். வாசிப்புக்கும் நடைக்கும் சேர்த்து நாற்பது. மீதி அறுபதும் 'ஒட்டுமொத்தத் தாக்கம்'. அதில் இசையின் தாக்கத்துக்கு நாற்பது, காட்சியின் தாக்கத்துக்கு இருபது. ஒரே பருவத்தில் ஒரே பேண்ட் ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் வருவது இதனால்தான். பெற்றோர் அதைப் பாரபட்சம் என்று கொதிக்கிறார்கள். கேள்வியே வேறாக இருக்கும்போது விடை மாறுவதில் வியப்பில்லை.

எனக்கு யு.ஐ.எல். முறையில் நம்பிக்கை அதிகம். அறுபது மதிப்பெண் தாக்கத்துக்கு என்றால் பெரிய மேடைப் பொருட்கள், வெளியிலிருந்து அமர்த்திய வடிவமைப்பாளர், தனி உடை என்று பணம் நுழையக் கதவு திறக்கிறது. பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுக்குப் பெரும்பாலும் வசதியான புறநகர்களின் பெரிய பள்ளிகளே வருகின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்து வகுப்புப் பிரிப்பதால் மட்டும் அது மாறவில்லை. ஆனாலும் நடுவர் சொன்ன இன்னொன்றை மறுக்க முடியவில்லை. தாக்கத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் கேட்பவர் நெஞ்சைத் தொட வேண்டும் என்ற எண்ணமே பிள்ளைகளுக்கு வராது என்றார்.

நவம்பரில் சான் ஆன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சூப்பர் ரீஜனல் போட்டியைப் பார்த்தேன். காலையில் தொடங்கி இரவு வரை ஒன்று மாற்றி ஒன்றாகப் பள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பெற்றோர் படை மேடைப் பொருட்களை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறது. காட்சி முடிந்த கணமே அதே ஓட்டத்தில் வெளியேறுகிறது. நடுவர்கள் மேலே கண்ணாடி அறையில் ஆளுக்கொரு பதிவுக் கருவியோடு அமர்ந்திருக்கிறார்கள். தனி வாசிப்பைக் கவனிப்பவர் மட்டும் பிள்ளைகளுக்கு அருகே. காலையில் முதல் பேண்டுக்கு எண் போடுவதுதான் மிகக் கடினம் என்று அந்த நடுவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வரப்போகும் அத்தனை பேருக்கும் மேலும் கீழும் இடம் விட்டு வைக்க வேண்டும். புகழ்பெற்ற பள்ளியின் பெயர் அறிவிக்கப்படும்போது நடுவரின் கை தானாக உயரத்தான் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதே தொழில் என்றும் சொன்னார். இந்த ஒப்புதலைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

எண்களை எல்லோரும் பார்க்கிறார்கள். எண்ணோடு சேர்ந்து போகும் ஒலிப்பதிவைப் பள்ளிக்கு வெளியே யாரும் கேட்பதில்லை. நடுவர் காட்சி நடக்கும்போதே அதன்மேல் பேசிப் பதிவு செய்கிறார். போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை மாலை தங்கை மகளின் பள்ளி பேண்ட் அறையில் அதைப் போட்டார்கள். பின்னால் பிள்ளைகளின் இசை, அதன்மேல் ஒரு நிதானமான குரல். "மெலஃபோன்கள், அழகாக ஏறி வருகிறீர்கள். முடிக்கும் இடம் பாருங்கள், மூன்று பேர் மூன்று இடத்தில் விடுகிறீர்கள். ஆமாம், இப்போது மறுபடி வருகிறது. இந்த முறை சேர்ந்துவிட்டது, நன்று." பேண்ட் இயக்குநர் பதிவை நிறுத்தினார். யார் என்று அவர் கேட்கவில்லை. மூன்று கைகள் தாமாக உயர்ந்தன. அதில் ஒன்று என் தங்கை மகளுடையது.

அடுத்த இருபது நிமிடமும் அந்த இசையின் நான்கே தாள அளவுகள்தான். சுரத்தை எங்கே விட வேண்டும் என்பதை முதலில் வாயால் சொன்னார்கள். பிறகு வாத்தியத்தில் காற்றை மட்டும் விட்டார்கள். பிறகு நின்ற இடத்தில் மெதுவாக, பிறகு நடந்துகொண்டு முழு வேகத்தில். மூச்சை நிறுத்தி முடிக்காமல், மூச்சை உள்ளிழுத்து முடிக்கச் சொன்னார் இயக்குநர். எல்லோரும் ஒரே கணத்தில் மூச்சிழுத்தால் ஒலியும் ஒரே கணத்தில் அறும். கடைசி முறை வாசித்தபோது அந்த வெட்டு கத்தியால் நறுக்கியதுபோல் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. "இன்னொரு தடவை" என்றார், வாசித்தார்கள்.

டெக்சஸில் பள்ளி தொடங்கியபின் வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் ஒத்திகை நடத்தலாம். பாடத்தில் தோற்ற பிள்ளை மேடையேற முடியாது என்ற சட்டமும் 1984 முதல் உண்டு. ஆகவே எந்தப் பள்ளியும் நேரத்தைக் கூட்டி முன்னேற முடியாது. அந்த எட்டு மணி நேரத்தில் எதை எடுத்துத் திருத்துவது என்று தெரிந்த பள்ளியே ஆண்டுதோறும் மேலே நிற்கிறது. அதைத் தெரிவிப்பது இந்த ஒலிப்பதிவு. நடுவர் தீர்ப்புச் சொல்லும் அந்த நாளோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது என்று நான் எண்ணியிருந்தேன். அவர் வேலையின் பெரும்பகுதி இந்த அறையில் நடக்கிறது.

பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா இண்டியானாபொலிஸில் நடத்தும் தேசியப் போட்டியின் பட்டியலைப் பார்த்தால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஏவன் பள்ளி 2008, 2009, 2010 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. கார்மல் 2005-லும் 2012-லும் வென்றுவிட்டு, 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள் விடாமல் வென்றது. ஓக்லஹோமாவின் புரோக்கன் ஆரோவுக்கு 2006, 2011, 2015. இதில் வியக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளி நான்கே ஆண்டுகள். 2012-ல் கார்மலுக்காக வாசித்த ஒரு பிள்ளைகூட 2016-ல் அந்த அணியில் இல்லை. தொழில்முறைக் குழு எதுவும் இப்படித் தன் ஆட்களை முழுக்க இழந்துகொண்டே இருப்பதில்லை. திறமை பிள்ளையோடு வெளியேறிவிடுகிறது. பழக்கம் பள்ளியில் தங்கிவிடுகிறது. மூத்த மாணவி தன் டாட்டைச் சரிபார்க்கும் விதத்தைப் பார்த்துத்தான் புதிதாகச் சேர்ந்தவள் கற்கிறாள். சிகாகோவுக்குத் தெற்கே மரியன் கத்தோலிக்கப் பள்ளி, பிரமாண்டப் பள்ளிகளோடு மோதி ஏழு முறை தேசியப் பட்டம் வென்றது. அங்கே கிரெக் பிம் 1977-ல் பொறுப்பேற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழுவை நடத்தினார். பணம் வாங்கித் தர முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு அந்தப் பள்ளி ஒரு சான்று.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டபோது, இயக்குநர் என்னை ஒரு காலையில் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு வரச் சொன்னார். டெக்சஸில் ஆறாம் வகுப்பில் வாத்தியம் தொடங்குகிறார்கள். வசதியுள்ள இடங்களில் வாத்தியத்துக்கு ஒரு வகுப்பு. கிளாரினெட் வகுப்பில் கிளாரினெட் மட்டும்தான். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் முழு வாத்தியத்தைத் தருவதில்லை. வாய்த்துண்டை மட்டும் ஊதிப் பழக்குகிறார்கள். நான் போனபோது முழுக் கிளாரினெட் கைக்கு வந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் ஸ்டாண்டில் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. உதடு சரியாக மூடியிருக்கிறதா, கன்னம் உப்புகிறதா என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பள்ளியின் இயக்குநர் அங்கே ஒரு நாற்காலியில் இருந்து இன்னொரு நாற்காலிக்கு நகர்ந்து, ஒரு சிறுவனின் கட்டைவிரலை அரை அங்குலம் கீழே இறக்கி வைத்தார். ஊதச் சொன்னார். மறுபடி இறக்கி வைத்தார்.

"இவர்கள் உங்களிடம் வந்து சேர இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"இந்த விரலை இப்போது விட்டுவிட்டால், மூன்று வருடம் கழித்து ஒரு நடுவர் அதை எனக்கு ஒலிப்பதிவில் சொல்லுவார்" என்றார். அதற்குள் மணியடித்துவிட்டது. பெரிய பள்ளியில் அவருக்கு அடுத்த வகுப்பு. கார் சாவியை எடுத்துக்கொண்டே அந்தச் சிறுவனிடம் திரும்பி, நாளைக்கும் அந்த விரலைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.