கசிவைத் தேடி வந்த வேர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பை வெட்டச் சொல்லாதவர்கள் தெருவில் குறைவு. அப்பா நட்ட மரம். எட்டயபுரத்து வெயிலுக்கு எங்களுக்கு அதுதான் குடை. ஆனால் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. நின்று, பிறகு மேலே ஏறும். ஆள் வந்து சேம்பரைத் திறந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்துவார். கையோடு கறுத்த வேர் வரும். "மரம் நிக்கிற வரைக்கும் இந்தத் தொல்லைதான்" என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போவார்.

கழிப்பறை அடைத்துக்கொண்ட வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த நேரத்தில் ஒருமுறை அடைத்தது. நிறைமாதக்காரியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு நானும் மரத்தை வெட்டிவிடலாம் என்றுதான் சொன்னேன். அம்மா ஒருத்திதான் மறித்தாள். "மரத்த வெட்டுனா பூமிக்குள்ள இருக்கிற வேரு போயிருமாய்யா? முதல்ல தோண்டிப் பாரு."

தோண்டினோம். கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்க் வரை நாலு அங்குல மண்குழாய், கொத்தனார்கள் எஸ்.டபிள்யூ. பைப் என்பார்களே, அது. ஒவ்வொன்றும் இரண்டடி நீளம்; ஆக, இரண்டடிக்கு ஓர் இணைப்பு. சணலைத் திணித்து மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். குழாய் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. இணைப்புகளில்தான் சிமென்ட் வெடித்துக் கிடந்தது. கொத்தனார் ஓர் இணைப்பைத் தட்டிப் பிரித்துக் காட்டினார். வெளியே இருந்து நுழைந்த வேர் தலைமுடி கனம்தான். உள்ளே போனதும் கிளைத்துப் பெருகி, குழாய் நிறையச் சவரி முடியைத் திணித்தாற்போல் அடைத்திருந்தது. போகிற எல்லாமே அதில் சிக்கி நின்றன.

"மரம் என்ன அண்ணாச்சி செய்யும்? நம்ம மண்ணு அப்படி" என்றார் அவர்.

கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிக் கைவிட்டுப் பார்க்கும் அளவுக்கு வெடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கும் மண்ணுக்குள், அசையவே அசையாத சிமென்ட் இணைப்பு எத்தனை நாள் தாங்கும்? வெடிக்கும், கசியும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கையில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஈரமும் எருவும் இருந்தால், வேர் அங்கேதான் வரும். முத்துசுவாமி தீட்சிதர் அம்ருதவர்ஷிணி பாடி மழை வரவழைத்ததாகச் சொல்லும் சீமை இது. இங்கே மரமும் தண்ணீருக்குத்தான் தவித்துக் கிடக்கிறது. முழுசாக, கசிவில்லாமல் இருக்கும் குழாயை ஓட்டை போட்டுக்கொண்டு வேர் நுழைவது அபூர்வம். இதை அறிந்த பிறகு அந்த மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் ஊரெல்லாம் உண்டு. எங்கள் வீட்டிலும் ஊற்றியிருக்கிறோம். ஆசிட் சிமென்ட்டைத் தின்னும். வெடித்த இணைப்பு இன்னும் இளகும். மயில்துத்தம் போட்டால் குழாய்க்குள் இருக்கும் வேர் கருகும், உண்மைதான். ஆனால் டேங்கில் மலத்தை மட்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அது கொல்லும். கசிவு இருக்கிற வரை வேர் மறுபடி வரத்தான் செய்யும்.

டேங்குக்குள்ளும் வேர் புகுந்திருந்தது. வேலைக்கு வந்திருந்த இளைஞர் மூடியைத் தள்ளிவிட்டு, "உள்ள இறங்கி அறுத்துப் போட்டுருதேன் அண்ணாச்சி, பத்து நிமிஷ வேலை" என்றார். எனக்கு உடம்பு ஆடிப்போயிற்று. 2020 ஜூலையில் இதே மாவட்டத்தில், செக்காரக்குடிப் பக்கம், ஒரு வீட்டின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் போன நான்கு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் ஏறி வருவதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தம்பியின் உயிருக்கு அதுவும் ஈடல்ல. அவரை இறங்க விடவில்லை. உறிஞ்சும் லாரியை வரவழைத்து டேங்கைக் காலி செய்தோம். பிறகு வெளிப்பக்கம் பள்ளம் எடுத்து, டேங்குக்குள் குழாய் நுழையும் இடத்தை வெளியே இருந்தே உடைத்து வேரை இழுத்தோம். கூடுதலாக ஒரு பகல் ஆயிற்று, செலவும் கூடியது. அதை ஒருநாளும் நஷ்டமாக நினைக்க மாட்டேன்.

பழைய குழாயைத் தோண்டாமலே சரிசெய்யும் வழியும் உலகத்தில் இருக்கிறது. 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்பவர், பிசின் ஊறிய உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, அங்கேயே இறுகவைத்து, இணைப்பே இல்லாத புதுக்குழாயாக்கிக் காட்டினார். எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் அதே நியாயம்தான். இணைப்பைக் குறைக்க வேண்டும், இருக்கிற இணைப்பு மண்ணோடு அசைந்து கொடுக்க வேண்டும்.

மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தில் பிவிசி பைப் கிடைக்கிறது. இருபதடிக்கு ஒரு துண்டு. இணைப்பில் ரப்பர் வளையம். வேம்பிலிருந்து தள்ளிப் புதுத் தடம் எடுத்து, அடியிலும் பக்கத்திலும் கரிசலை அள்ளிவிட்டு மணல் போட்டுப் பதித்தோம். வாட்டம் நாற்பது அடிக்கு ஓர் அடி. தடம் திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர் கட்டினோம். அதன் மூடியை டைல்ஸுக்கு அடியில் மறைத்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார் கொத்தனார். வேண்டாம் என்று சொல்லி, தரைக்கு மேலே கண்ணில் படும்படி வைத்துக்கொண்டேன். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை, மாசி கடைசியில் மண் வெடிக்கத் தொடங்கும்போது, அதைத் திறந்து வேர் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். இதுவரை இல்லை.